நைட் டூட்டில பசியும் கோவமும் ஏன் சேந்தே வருது?

வாளையார் செக்போஸ்ட் பக்கம் நைட் டூட்டி பாக்குறவரு கேட்டிருக்காரு, தூக்கம் கெட்டா ஏன் பசிக்குது, ஏன் எரிஞ்சு விழறேன்னு. எல்லாம் ஒண்ணோடொண்ணு பின்னிக் கெடக்குங்க. மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒரு சின்னப் பகுதி, அதுல ஓரெக்சின்னு ஒரு ரசாயனம், 1998ல கண்டுபிடிச்சது, அதுதான் நம்மள முழிச்சிருக்க வைக்குது, சாப்பாட்டையும் தேட வைக்குது. வயிறு காலியானா கிரெலின்ங்கிற பசி ஹார்மோன் ஓரெக்சினை உசுப்பும், கொழுப்புல இருந்து வர்ற லெப்டின்ங்கிற ஹார்மோன் அடக்கும், மனநிலையோட சம்பந்தப்பட்ட செரோடோனின்ங்கிற மூளை ரசாயனமும் அடக்கும், தூக்கம் கொறைஞ்சா கிரெலின் ஏறி லெப்டின் எறங்குறதா சில ஆய்வுல பாத்திருக்காங்க, நானே விடியக்காலம் மூணு மணிக்கு எண்ணெய் சொட்டுற பழம்பொரி நாலு முழுங்கியிருக்கேன், வயிறு நெறஞ்சிருந்தப்பவே. கோவத்துக்கு செரோடோனின் ஒண்ணுதான் காரணம்னு சிலர் சொல்றது அரைகுறை பேச்சு, தூக்கமில்லாட்டி பயம், கோவத்தைக் கெளப்புற அமிக்டலாங்கிற மூளைப்பகுதிய நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைப்பகுதி கட்டுப்படுத்துறதும் தளந்துடும். தூக்கத்தை வெரட்ட குடிக்கிற கட்டன்சாயா (பால் இல்லாத டீ) என்ன பண்ணுது? மூளையில தூக்கத்தை வரவழைக்கிற அடினோசின்னு ஒரு ரசாயனம், அது உக்கார்ற சீட்ல டீயில இருக்குற கஃபீன் போய் உக்காந்துக்கும், அவ்ளோதான், அடினோசின் வெளியவே நின்னுட்டு இருக்கும்.