சிங்கப்பூர் – நியூயார்க்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஆவணியில் அவனை நியூயார்க்குக்கு மாற்றுகிறார்கள், நீயும் கூட வாம்மா என்கிறான். நேர் விமானமாம். தூரம் 15,300 கிலோமீட்டர், 18 மணி 40 நிமிடம் என்று போனில் காட்டுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரம்தானே வரும்? ராத்திரி 12-க்கு ஏறினால் அதே தேதி காலை 6.40-க்கு இறங்கலாமாம், அது எப்படி? எனக்குக் கால் வீக்கம் வேறு உண்டு.
– வாசகி, கடையநல்லூர்

பதில்: உங்கள் வகுத்தல் சரிதான் அக்கா. தூரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு சாத்துக்குடியைக் கையில் எடுங்கள். காம்பு இருக்கும் இடம் வட துருவம். நடு வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அது சிங்கப்பூர், பழத்தைத் திருப்பி நேர் எதிர்ப்பக்கம் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொரு புள்ளி வைத்தால் நியூயார்க். இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வயிற்றைச் சுற்றிக் கொண்டுபோனால் நூல் கூடுதலாக வேண்டியிருக்கும், காம்புப் பக்கமாக மேலே கொண்டுபோனால் குறையும். போன் சொல்கிற 15,300 இந்தக் காம்பு வழித் தூரம். விமானம் அப்படியே போவதில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று ஓடுகிறது, அதை முதுகில் வாங்கிக்கொள்ள ஜப்பான் பக்கமாகப் பசிபிக் கடலைத் தாண்டிப் போவதுதான் வழக்கம், அப்போது பறக்கும் தூரம் 16,000-ஐத் தாண்டிவிடும். திரும்பி வரும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கேதான் வருகிறது. போகவர உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய மாதிரி!

கடிகார விஷயம் எளிது. ஆவணியில் நியூயார்க் சிங்கப்பூரைவிட சரியாக 12 மணி நேரம் பின்னால். நீங்கள் இறங்கும்போது சிங்கப்பூரில் மாலை 6.40, அங்கே காலை 6.40.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பக்கம் இந்த நேர் விமானத்தை 2004-லேயே விட்டது. நாலு எஞ்சின் விமானம், எரிபொருள் செலவு கட்டவில்லை, 2013-ல் நிறுத்திவிட்டு 2018-ல் இரண்டு எஞ்சின் ஏ350-ல் மறுபடி தொடங்கினார்கள். இந்த விமானத்தில் எகானமி இருக்கையே கிடையாது, டிக்கெட் விலையை மகனிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் கால்தான். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் கார், அப்புறம் சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் விமானம். அதே கையோடு அடுத்த விமானம் ஏறாதீர்கள், மகன் வீட்டில் இரண்டு நாள் காலை நீட்டிப் படுங்கள். நடைபாதை ஓர இருக்கையாகக் கேளுங்கள், அடுத்த ஆள் எழுந்து வழிவிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், தண்ணீர் குடியுங்கள். வீக்கம் எதனால் என்று டாக்டரிடம் காட்டி, இவ்வளவு நேரம் உட்காரலாமா, அழுத்தமான காலுறை போடலாமா என்று கேட்காமல் டிக்கெட் போடவே வேண்டாம்.

வீட்டில் அண்ணாச்சி இருப்பார் அல்லவா, ராத்திரி சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், உங்களுக்கு அப்போது காலை 11 மணி.