ஸ்கிரீன் ரீடர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: பார்வையற்றவர்கள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் கணினி இயக்குகிறார்கள். அந்த மென்பொருளே மக்கர் செய்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல் தடவை நான் சமாளிக்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்தேன். சேமிக்காத நான்கு பக்கக் கடிதம் அதோடு போனது. பிறகுதான் தெரிந்தது, எதுவுமே கெட்டுப்போகவில்லை. சேமிக்கக் கண்ட்ரோலோடு எஸ் அழுத்த வேண்டிய இடத்தில் இன்சர்ட்டோடு எஸ் அழுத்தியிருக்கிறேன். நான் பயன்படுத்தும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடரில் அது பேச்சு முறையை மாற்றுகிற விசை. அப்போதைய பதிப்பில் "ஸ்பீச் மோட் ஆஃப்" என்று சொல்லிவிட்டுத்தான் அது அடங்கியது. கடிதத்தை முடித்த நிம்மதியில் அது என் காதில் ஏறவில்லை. இன்னும் இரண்டு தடவை அதையே தட்டியிருந்தால் பேச்சு திரும்பியிருக்கும்.

உங்களுக்குத் திரை உறைந்தால், உறைந்த திரையாவது கண்ணில் படும். எங்களுக்கு எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே அறிகுறிதான்: சத்தம் இல்லை. படுத்தது ஸ்பீக்கரா, ஸ்கிரீன் ரீடரா, திறந்து வைத்திருக்கிற பிரவுசரா, மொத்தக் கணினியுமா? வேலையே இதைக் கண்டுபிடிப்பதுதான்.

நான் முதலில் அழுத்துவது விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருகிற ஸ்கிரீன் ரீடரான நரேட்டர் எழுந்து பேசும். அது பேசிவிட்டால் ஸ்பீக்கர் சரி, கணினிக்கும் உயிர் இருக்கிறது, என்விடிஏ மட்டும்தான் மயக்கம். கண்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தினால் அது மறுபடி கிளம்பும். உடனே கிளம்பாது, சில நொடி ஆகும். அந்தச் சில நொடியில் பொறுமையில்லாமல் நான்கு தடவை அழுத்துவது என் பழைய கெட்ட பழக்கம். நிறுவும்போது டெஸ்க்டாப் ஷார்ட்கட் வேண்டாம் என்று விட்டிருந்தால் இந்த விசை வேலை செய்யாது. அப்போது விண்டோஸோடு ஆர் அழுத்தி, என்விடிஏ என்று ஆங்கிலத்தில் அடித்து, என்டர். அது எழுந்ததும் நரேட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் சந்தைக்கடைதான்.

நரேட்டரும் வாயைத் திறக்கவில்லையா? ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஒருநாள் வீட்டில் மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். "என்னங்க, உங்க பைக்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அணைக்காமல் பைக்குள் போட்ட ப்ளூடூத் ஹெட்போனுக்கு மொத்தப் பேச்சும் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு வயர் இயர்போன் மேசை டிராயரை விட்டு நகர்வதில்லை.

பிரவுசர் திணறும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு இருபது வரை எண்ணுவேன். கிண்டல் இல்லை. சத்தம் வராத நேரத்தில் நீங்கள் தட்டிய விசைகள் எல்லாம் பெரும்பாலும் வரிசையில் காத்திருக்கும். மூச்சு வந்ததும் பத்து என்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றும். பணம் அனுப்பும் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்டேட் விஷயத்தில் நான் கஞ்சன். என்விடிஏவில் பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டின் முதல் வெளியீட்டில், கூடுதல் வசதிக்காக நாம் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களான பழைய ஆட்ஆன்கள் பொருந்தாமல் போகும். அவற்றை எழுதியவர்கள் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் வேலை நாளில் அப்டேட் போடவே மாட்டேன். பழைய பதிப்பின் போர்ட்டபிள் நகல், அதாவது நிறுவாமலே இயங்கும் நகல் ஒன்று பென் டிரைவில் எப்போதும் இருக்கும். அதிலும் ஒரு குறை உண்டு. ஏதாவது நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கிற திரையைப் போர்ட்டபிள் நகலால் படிக்க முடியாது. சந்தேகம் ஆட்ஆன் மேல்தான் என்றால், இன்சர்ட்டோடு க்யூ அழுத்தி, ஆட்ஆன் இல்லாமல் மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அங்கேயே மாட்டிக்கொள்வான்.

சில சமயம் ஸ்கிரீன் ரீடரைத் திட்டுவோம், தவறு அதன்மேல் இருக்காது. அச்சகத்திலிருந்து வந்த கோப்பில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும். எனக்கு அது "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று கேட்கும். பாமினி எழுத்துருவில் அடித்தது அப்படித்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் வடிவம். தமிழைத் தமிழாகவே பதிகிற யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு எடுத்தால்தான் காதுக்குத் தமிழாக வரும். இதைத் தெரியாமல் தமிழ்க் குரலே கெட்டுவிட்டது என்று விண்டோஸை மறுபடி நிறுவிய நண்பர் ஒருவர் உண்டு.

உண்மையிலேயே மென்பொருளில் பிழை என்றால் புகார் செய்யுங்கள். என்விடிஏவை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனுக்கும், பிறகு அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டே என்பவருக்கும் பார்வை கிடையாது. அதனால்தானோ என்னவோ, "எனக்கு இங்கே நன்றாகத்தானே தெரிகிறது" என்கிற பதில் அங்கே வராது. இன்சர்ட்டோடு எஃப் ஒன் அழுத்தினால், என்விடிஏ தன் இயக்கத்தைக் குறித்து வைக்கிற பதிவேடு (லாக்) திறக்கும். என்ன செய்தபோது நின்றது என்று எழுதி, அதையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

பக்கத்தில் இருப்பவர்களின் உதவி கேட்பது கடைசி வழி. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், எனக்கு அல்ல, அவர்களுக்கு. போன மாதம் ஓர் இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் டேப் விசை எங்கேயும் நகரவில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, திரையில என்ன இருக்குன்னு அப்படியே படி."

"எல்லாம் சரியாத்தான் அங்கிள் இருக்கு."

"படிப்பா."

"நீங்க அடிச்சதெல்லாம் இருக்கு. நடுவுல சின்னதா ஒரு பாக்ஸ், அவ்ளோதான்."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"நேரம் முடியப்போகுது, தொடரவான்னு கேக்குது அங்கிள். இருங்க… போயிடுச்சு."