மஞ்சள்கருவின் நிறத்தை வைத்து முட்டையை நம்பலாமா?

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்க்கிறார். சில மாதங்களாக சூப்பர் மார்க்கெட் முட்டையை நிறுத்திவிட்டு அவரிடமே வாங்குகிறோம். மஞ்சள்கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பேரனுக்கு மூன்று வயது. இயற்கையாக மேய்ந்த கோழியின் முட்டை என்பதால் அரைவேக்காட்டில் கொடுத்தாலும் கெடுதல் இல்லை என்கிறார் என் கணவர். இந்த முட்டையில்தான் சத்து அதிகமா? இதைக் கழுவி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா?

பதில்: உங்கள் மகளுக்கும் பேரனுக்கும், முட்டை எங்கிருந்து வந்ததாக இருந்தாலும், வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம் என்பதால் முதலில் சொல்கிறேன்.

முட்டையில் நாம் அஞ்சவேண்டிய கிருமி சால்மோனெல்லா. கோழியின் எச்சம் ஓட்டில் படுவதால் அது வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளலாம். அதைவிடக் கவலைக்குரியது, கோழியின் சினைப்பையிலேயே கிருமி தங்கியிருந்து, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் நுழைந்துவிடுவது. அந்தக் கோழி நோயுற்றதாகத் தோன்றாது. தீனி எடுக்கும், சுறுசுறுப்பாக மேயும், வழக்கம்போல முட்டையிடும். அந்த முட்டையும் பார்வையிலோ மணத்திலோ எந்த மாற்றத்தையும் காட்டாது. எனவே கோழி ஆரோக்கியமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தேன் என்பது, வளர்ப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. பிரிட்டனில் குறிப்பிட்ட முத்திரை பெற்ற முட்டைகளைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அரைவேக்காட்டில் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு 2017-இல் அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்த அனுமதி, கோழிகள் திறந்தவெளியில் மேய்ந்தன என்பதற்காகக் கிடைத்ததன்று. அவற்றுக்கு சால்மோனெல்லாவுக்கு எதிரான தடுப்பூசி போடப்பட்டு, பண்ணைகள் தொடர்ந்து சோதிக்கப்பட்டு வந்ததால் கிடைத்தது. தோட்டத்தில் வளரும் நான்கைந்து கோழிகளுக்கு இந்த ஏற்பாடு பெரும்பாலும் இருப்பதில்லை.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரை இந்தக் கிருமி கடுமையாகத் தாக்கக்கூடும். முட்டை உணவின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் கிருமி அழிந்துவிடும். சமையலறையில் வெப்பமானி தேவையில்லை. கரண்டியால் பிளந்து பார்க்கும்போது மஞ்சள்கரு வழியாமல் உதிர்ந்தால் போதும். பச்சை முட்டை பலம் தரும் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதத்தை நம் குடல் செரித்து எடுத்துக்கொள்கிறது. பச்சை முட்டையில் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான்.

இனி சத்தைப் பற்றி. 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான கொலஸ்ட்ராலும் இருக்கும். கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் என்னும் சத்தும் அதில் தாராளமாக உண்டு. இவை தோட்டத்து முட்டைக்கும் கடை முட்டைக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஓடு பழுப்பா வெள்ளையா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்ததே தவிர, சத்தைப் பொறுத்ததன்று. இருப்பினும் உங்கள் கணவரின் எண்ணத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெயிலில் திரியும் கோழியின் தோலில், நம் தோலில் உருவாவதைப் போலவே, வைட்டமின் டி உருவாகி மஞ்சள்கருவில் சேர்கிறது; புல்லையும் பூச்சியையும் தின்னும் கோழியின் முட்டையில் ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களும் கூடுதலாக இருக்கக்கூடும். ஆனால் ஆரஞ்சு நிறம் இதற்குச் சாட்சி ஆகாது. கீரை, மக்காச்சோளம் போன்றவற்றிலுள்ள நிறமிகள்தாம் அந்த நிறத்தைத் தருகின்றன. கூண்டுக்குள்ளேயே வாழும் கோழிக்குத் தீவனத்தில் செண்டுமல்லிப் பூவின் சாற்றைக் கலந்து கொடுத்தாலும் அதே நிறம் வந்துவிடும்.

தோட்டத்து முட்டையின் உண்மையான சிறப்பு அதன் புதுமைதான். அதை ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பாருங்கள்: மஞ்சள்கரு உருண்டு நிமிர்ந்து நிற்கும், அதைச் சுற்றி வெள்ளைக்கரு கெட்டியாக, சற்றே கலங்கலாகத் திரண்டிருக்கும். அந்தக் கலங்கல் கெடுதலின் அறிகுறி அன்று. முட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை என்பதே அதன் பொருள். நாளான முட்டையில் வெள்ளைக்கரு தெளிந்து, நீர்த்து, கிண்ணத்தின் ஓரம்வரை பரவிவிடும். தண்ணீரில் போட்டால் மிதப்பதும் முட்டையின் வயதைத்தான் காட்டும். கிருமி இருக்கிறதா என்பதை அது காட்டாது.

கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றை மூடியபடி ஒரு மெல்லிய இயற்கைப் படலம் இருக்கிறது. கழுவினால் அந்தப் படலம் போய்விடும். குளிர்ந்த நீரில் கழுவினாலோ, உள்ளிருப்பது சுருங்கி வெளியிலுள்ள அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே கழுவாதீர்கள். காய்ந்த எச்சமோ மண்ணோ லேசாக ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மிகவும் அழுக்கானதையும் விரிசல் விட்டதையும் வாங்காமல் இருப்பதே நல்லது. பின்னர் மூடிய பெட்டியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒருமுறை குளிரவைத்த முட்டையை வெளியே எடுத்து நெடுநேரம் வைத்தால் ஓட்டின்மேல் ஈரம் பூத்து, கிருமி உள்ளே செல்ல வழியாகும். முட்டையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்கு வேறெதையும் ஊட்டக்கூடாது.

முட்டை சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாட்களுக்குள் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வந்தால், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசலைக் கொடுத்தபடியே மருத்துவரிடம் செல்லுங்கள். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். நீங்களாகவே ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும், பேரனின் வயதை எண்ணிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்துக் கோழி மண்ணைக் கிளறிக் கொத்தித் தின்கிறது. அந்த மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கும் வந்து சேரும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. கருவில் உள்ள குழந்தைக்கும் அது நல்லதன்று. கோழிகள் மேயும் இடம் பழைய பெயின்ட் உதிரும் சுவரை ஒட்டி இருக்கிறதா, அங்கே முன்பு பேட்டரியோ குப்பையோ எரிக்கப்பட்டதா, வாகனங்கள் மிகுதியாக ஓடும் சாலை அருகே உள்ளதா என்று வளர்ப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், அந்த மண்ணைப் பரிசோதித்து முடிவு தெரியும்வரை மகளுக்கும் பேரனுக்கும் கடை முட்டையையே நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.