டீயும் வர்க்கியும் ஒரு சாப்பாடா? – குழந்தை வளர்ச்சி கேள்வி பதில்

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல குழந்தையோட வயசே எழுதல. "ஒல்லியா இருக்கான் டாக்டர்"னு மட்டும் எழுதினா நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? மாசக்கணக்குல வயசு, பிறந்த எடை, இப்ப எடை, இப்ப உயரம், இந்த நாலு நம்பர் வேணும். தாய்-சேய் அட்டைல எல்லாம் இருக்கு, அதை ஒரு போட்டோ புடிச்சு அனுப்பினா கூட போதும். சரி, வந்ததை பாப்போம்.

நேத்து சாயங்காலம் லைன்ல சுத்துற நாய் பொண்ணு கைல லேசா கீறிருச்சு. ரத்தம் வரல. ஊசி போடணுமா? – கூடலூர்

இதை போய் எழுதி கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க பாருங்க! பாத்த உடனே பதில் அனுப்பிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் சொல்றேன். ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவணும், அன்னைக்கே ஜிஹெச் போகணும். ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு, ரத்தம் வந்திருந்தா காயத்தை சுத்தி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யற எதிர்ப்பு சக்தி ஊசி) சேத்து போடணும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பாதீங்க. வெறிநோய் (ரேபிஸ்) வந்துட்டா காப்பாத்த மருந்தே கிடையாது. குன்னூர்ல பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907ல ஆரம்பிச்சதே இந்த வெறிநாய்க்கடி சிகிச்சைக்குத்தான், நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் "லேசாத்தான் கீறுச்சு"ன்னு எழுதுறோம்.

என் பையன் 9 கிலோ இருக்கான், போதுமா? – குன்னூர்

வயசு? ஒரு வயசுக்கு 9 கிலோன்னா ஜோரு. மூணு வயசுக்கு 9 கிலோன்னா இதை படிச்சு முடிக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. தோராயமா, பிறந்த எடை அஞ்சு மாசத்துல ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு, ரெண்டு வயசுல நாலு மடங்கு. அதை விட முக்கியம் கோடு. அட்டைல இருக்கிற கோடு மேல ஏறிட்டே இருக்கா, படுத்துருச்சாங்கறதுதான் கேள்வி. ஒரே ஒரு நாள் போட்ட எடையை வச்சு எதையும் சொல்ல முடியாது.

ராகி கூழ் குடுத்தா சளி புடிக்குமா?

புடிக்காது.

மூணு வயசு பொண்ணு, ஹீமோகுளோபின் 11.2. லேப்ல நார்மல்னு போட்டிருக்கு. ஆனா சோர்வாவே இருக்கா, சுவத்து சுண்ணாம்பை சுரண்டி திங்குறா. – ஊட்டி, காந்தல்

வயசு எழுதினதுக்கு முதல்ல நன்றிம்மா. அந்த லேப் பேப்பர்ல இருக்கிற நார்மல் கீழ சமவெளிக்கான நார்மல். ஊட்டி கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். மேல போகப்போக காத்துல ஆக்சிஜன் கம்மி, அதை ஈடு கட்ட உடம்பு தானாவே ஹீமோகுளோபினை கூட்டிக்கும். அதனால உலக சுகாதார நிறுவனம் உயரத்துக்கு ஏத்த மாதிரி கழிச்சுட்டுத்தான் பாக்க சொல்லுது, 2024ல வந்த கணக்குப்படி ஊட்டி உயரத்துக்கு சுமார் 1.4 கழிக்கணும். கழிச்சா உங்க பொண்ணுக்கு 10 கூட இல்ல, ரெண்டுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் 11 இருக்கணும். மண்ணு, சுண்ணாம்பு திங்குறது இரும்புச்சத்து இல்லைங்கறதுக்கு நல்ல துப்பு. இரும்பு சிரப் எவ்ளோன்னு எடையை பாத்து டாக்டர் எழுதுவாரு, நீங்களா கடைல வாங்கி ஊத்தாதீங்க. மருந்து சரியா வேலை செஞ்சா ஒரு மாசத்துல 1 பாயிண்டாவது ஏறணும், ஏறலைன்னா வேற காரணம் தேடணும். சமவெளி லேப்ல அச்சடிச்ச நார்மலை மலைல அப்படியே நம்பாதீங்க, கீழ இறங்கிப் போய் டெஸ்ட் எடுக்கவும் வேண்டாம், கழிச்சு பாத்தா போதும்.

பேத்திக்கு ஒன்னேகால் வயசு. காலைல குளுருக்கு சின்ன டம்ளர்ல டீ, அதுல வர்க்கியை நனைச்சு ஊட்டுவோம். நாங்கெல்லாம் அப்படித்தான் வளந்தோம். மருமக கூடாதுங்குறா. நீங்களே சொல்லுங்க டாக்டர். – கோத்தகிரி

மருமக சொல்றதுதான் சரிங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த டீ கதையை நான் முப்பது வருசமா பேசிட்டு இருக்கேன். எஸ்டேட் லைன் வீட்ல பேசிருக்கேன், படுகர் ஊரான ஹட்டில பேசிருக்கேன், தேத்தண்ணின்னு சொல்றவங்க வீட்லயும் பேசிருக்கேன். எல்லா இடத்துலயும் மண்டைய மண்டைய ஆட்டி கேட்டுட்டு கடைசில எனக்கு ஒரு டம்ளர் டீ குடுப்பாங்க, பக்கத்துல குழந்தைக்கும் ஒன்னு. டீதான் இந்த மலைக்கே சோறு போடுது, அதை நான் குறை சொல்லல, நானும் நாளைக்கு நாலு குடிக்கிற ஆளுதான். ஆனா நான் இனிமே வளரப்போறது வயித்துல மட்டும்தான், உங்க பேத்தி அப்படி இல்லையே.

கணக்கு போட்டு பாருங்க. அந்த வயசு குழந்தைக்கு வயிறு கொள்றதே கால் லிட்டர் சொச்சம். ஒரு சின்ன டம்ளர் டீ போனா பாதி அடைஞ்சுருச்சு. தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு சாப்பாட்டுலருந்து 550 கலோரி கிட்ட வேணும், டீல என்ன இருக்கு, சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேந்து ஒரு 40, 50. வர்க்கில மைதா, சர்க்கரை, வனஸ்பதி. ருசிதான், நான் இல்லைங்கல. வயிறு ரொம்பிரும், குழந்தை பத்து மணி வரைக்கும் அழாது, நாமளும் சாப்ட்ருச்சுன்னு நினைச்சுக்குவோம், அதுதான் இதுல இருக்கிற வம்பே. ஏழரைக்கு கொழுந்துக்கு நிக்கணும்னு ஓடுற அம்மாக்கு அழாத குழந்தை பெரிய உதவி, அது எனக்கு புரியாம இல்ல.

அடுத்தது இரும்பு. பிறக்கும்போது கொண்டு வந்த இரும்பு இருப்பு ஆறு மாசத்தோட கிட்டத்தட்ட காலி. அதுக்கப்புறம் ராகி, கீரை, பருப்புலருந்துதான் வரணும், அந்த இரும்பு ஏற்கனவே உடம்புல ஒட்டுறது கம்மி. அதோட கூட டீ போச்சுன்னா டீல இருக்கிற டானின் அதுல பாதிக்கு மேல புடிச்சு வச்சுக்கும். மத்தியானம் ஆசை ஆசையா கீரை கடைஞ்சு ஊட்டிட்டு கையோட டீ குடுத்தா கீரைக்கு செலவு பண்ணது வீண்.

இதுல எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த ஆராய்ச்சியெல்லாம் பொறந்ததே நம்ம ஊர்லதான். 1918ல ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு டாக்டர் குன்னூர் பாஸ்டியர்ல ஒரே ஒரு ரூம்ல பெரிபெரிங்கற வைட்டமின் பி1 குறைபாட்டு நோயை ஆராய ஆரம்பிச்சாரு. அப்புறம் எலிகளை கூண்டுல வச்சு ஒவ்வொரு ஊர் சாப்பாடா போட்டு வளத்து பாத்தாரு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சை காய் போட்ட கூட்டம் திமுதிமுன்னு வளந்துச்சு. வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை டீ, வேகவச்ச முட்டைகோஸ், டின் கறி, ஜாம்னு இங்கிலாந்து ஏழைங்க சாப்பாட்டை போட்ட கூட்டம் வளரவே இல்ல, நுரையீரல்லயும் குடல்லயும் நோய் வேற. எலியும் குழந்தையும் ஒன்னில்ல, டீ மட்டுமே காரணமும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா நனைச்ச வெள்ளை மாவும் சர்க்கரை டீயும் சாப்பாடு ஆகாதுன்னு உங்க வீட்லருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துல போற தூரத்துல எப்பவோ பாத்து வச்சுட்டாங்க. அந்த ஒரு ரூம்தான் வளந்து 1958ல ஹைதராபாத் போயி இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. அவங்க 2024ல போட்ட வழிகாட்டில, பெரியவங்களே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னையும் பின்னையும் டீ காப்பி தொடாதீங்கன்னு இருக்கு. நம்ம மலைலருந்து போன பாடம் ஊரெல்லாம் சுத்தி வந்தும் நம்ம அடுப்படிக்குள்ள மட்டும் இன்னும் வரல.

குளுருக்கு சூடுதான் வேணும், டீதான் வேணும்னு யாரு சொன்னா? சூடா ராகி கஞ்சி கெட்டியா காய்ச்சி ஒரு சொட்டு நெய் விட்டு குடுங்க, அங்கன்வாடி சத்துமாவு கஞ்சி குடுங்க, அவிச்ச முட்டையை மசிச்சு குடுங்க. பால் குடுக்கலாம், ஆனா நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா அதுவும் ரத்தசோகைல கொண்டு போய் விடும். "நாங்கெல்லாம் அப்படித்தான் வளந்தோம்"ங்கறதுக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன், வளந்து நின்னவங்கதான் எனக்கு எழுதுறாங்க, அப்ப உங்க தெருவுல வளராம போன குழந்தைங்க எத்தனைன்னு ஒரு நிமிசம் நினைச்சு பாருங்க.

மலைக்காரங்க குள்ளம்தானே, ஜீன்ல இருக்கிறதை என்ன பண்ண முடியும்? – மஞ்சூர்

உலக சுகாதார நிறுவனம் 1997லருந்து 2003 வரைக்கும் ஆறு நாட்டுல சுமார் 8,500 குழந்தைங்களை அளந்தாங்க. நார்வே, கானா, பிரேசில், ஓமன், அமெரிக்கா, நம்ம டெல்லி. தாய்ப்பால், நல்ல சாப்பாடு, சுத்தமான வீடு கிடைச்ச குழந்தைங்க அஞ்சு வயசு வரைக்கும் எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளந்துச்சு. 2006ல வந்த அந்த அளவுதான் உங்க அட்டைல இருக்கிற கோடு. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்கு கீழ நாலுல ஒரு குழந்தை வயசுக்கேத்த உயரம் இல்ல. நாலுல ஒன்னுக்கு மட்டும் ஜீன் கெட்டுப்போச்சா? அப்பா அம்மா உயரம் கொஞ்சம் பேசும்தான், ஆனா ரெண்டு வயசுக்குள்ள ஜீன் மேல பழியை போடாதீங்க. உயரம் அளங்க, எடை மட்டும் பாத்துட்டு வராதீங்க.

எட்டு மாச குழந்தைக்கு சளி, மூச்சு வேகமா வாங்குது. குளுருக்கு ரூம்ல கரி சட்டி வச்சிருக்கோம்.

கரி சட்டியை முதல்ல வெளிய தூக்கி வைங்க. மூடுன ரூம்ல கரி எரிஞ்சா வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். அப்புறம் குழந்தை அழாம இருக்கும்போது சட்டையை தூக்கி ஒரு முழு நிமிசம் மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40. அதை தொட்டுட்டா நிமோனியான்னு நினைச்சு அன்னைக்கே கூட்டிட்டு போங்க. நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா, பால் குடிக்கலைன்னா எண்ணிட்டு கூட இருக்காதீங்க, நேரா கிளம்புங்க.

ஸ்கூல் கேம்ப்ல பொண்ணுக்கு சிக்கிள் பாசிட்டிவ்னு சொன்னாங்க. என்ன மருந்து? – பந்தலூர்

சிக்கிள்ங்கறது ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற பரம்பரை நோய். ரிப்போர்ட் எங்க? ஏஎஸ்ஸா, எஸ்எஸ்ஸா? கேம்ப்ல பண்ற சாதா டெஸ்ட் ரெண்டுக்கும் பாசிட்டிவ்னுதான் காட்டும், ஹெச்பிஎல்சிங்கற ரத்த டெஸ்ட் பண்ணாத்தான் பிரிச்சு தெரியும். ஏஎஸ்னா சும்மா கடத்துறவங்க, மருந்தே வேண்டாம், கல்யாண வயசுல மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்கணும், அவ்ளோதான். ரெண்டு பேரும் ஏஎஸ்னா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு. எஸ்எஸ்னா நோயே இருக்குன்னு அர்த்தம், கதை வேற, ஃபோலிக் ஆசிட், நிமோனியா தடுப்பூசி, தேவைப்பட்டா ஹைட்ராக்சியூரியான்னு ஆயுசுக்கும் டாக்டர் கண்காணிப்பு வேணும், குளுரும் தண்ணி குடிக்காததும் வலியை கிளப்பும், அதனால மலைல ஸ்வெட்டரும் தண்ணி பாட்டிலும் மருந்து மாதிரி. இந்தியாவுல இதை முதல்ல கண்டுபுடிச்சு எழுதினதே 1952ல நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், ஆகவே வெக்கப்பட்டு மறைக்கிற விசயமில்ல. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இரும்பு டானிக் நீங்களா குடுக்காதீங்க.

ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கி குடுத்தேன், வாந்தி எடுக்குறான்.

பாக்கெட்ல ஒரு லிட்டர்னு எழுதிருக்கும்போது ஒரு டம்ளர்ல கலக்கினா உப்பு ஏறி ஆபத்தாயிரும். அதை கொட்டிட்டு புதுசா ஒரு லிட்டர் ஆற வச்ச தண்ணில கலக்கி, ஸ்பூன் ஸ்பூனா குடுங்க, குழந்தை துவண்டு இருந்தா உடனே ஆஸ்பத்திரி. கூட ஜிங்க் மாத்திரை 14 நாள், வயித்துப்போக்கு நின்னாலும் நிறுத்தக்கூடாது. டெட்ரா பேக்ல இனிப்பா வர்றது ஓஆர்எஸ் இல்ல, ஜூஸ்.

வீட்ல இந்துப்புக்கு மாறிட்டோம், குழந்தைக்கும் அதே போடலாமா?

வேண்டாம். மலை மண்ணுல மழை அயோடினை அரிச்சுட்டு போயிரும், அதான் அந்த காலத்துல மலை ஊர்கள்ல கழுத்துல கட்டியோட நிறைய பேர் இருந்தாங்க. குழந்தையோட மூளைக்கு அயோடின் வேணும், இந்துப்புல பொதுவா அது சேக்குறதில்ல. சாதா அயோடின் உப்பு பாக்கெட்டே போதும், விலையும் கம்மி. அப்புறம், உங்க குழந்தைக்கு என்ன வயசுன்னு நீங்களும் எழுதல.