வாசகர் கேள்வி – பதில்: தெரு, மனை, கட்டடம்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கும் என் மகள் இந்தப் பருவத்தில் 'நகர உருவவியல்' என்றொரு பாடத்தை எடுத்திருக்கிறாள். நகரத் திட்டமிடல் என்றால் எனக்குப் புரிகிறது. இது அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? இதனால் என்ன பயன்?
– வாசகர், ஈசூன்

பதில்: ஒரு நகரம் இனி எப்படி அமைய வேண்டும் என்பதைத் திட்டமிடல் முடிவு செய்கிறது. அது இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை உருவவியல் ஆராய்கிறது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய எம்.ஆர்.ஜி. கான்சன் என்ற புவியியலாளர், அல்னிக் என்னும் சிற்றூரை மனை மனையாக ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட நூலே இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. நகரின் தரையமைப்பைத் தெரு, மனை, கட்டடம் என்று பகுத்துப் பார்த்த அவர், இவை மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை என்று காட்டினார். கட்டடம் சில தலைமுறைகளில் இடிபடும். மனையின் எல்லை பெரும்பாலும் அதைவிட நெடுநாள் நீடிக்கும். தெருவின் தடம் இரண்டையும் தாண்டி நிற்கும்.

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் கடற்கரையோரமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகு நாகூர் தர்காவுக்கு முன்னாலிருந்த கடல் தள்ளிப்போய்விட்டது என்றாலும், பழைய கரையின் போக்கை அந்தத் தெரு இன்றும் காட்டுகிறது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித் தொழில் நடத்திய இடங்கள்) இருந்த சின்னச் சின்ன மனைகள் ஒன்றாக்கப்பட்டு உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன. தெரு மட்டும் இருக்கிறது. பயன் என்னவென்று கேட்டீர்கள். எதைக் காப்பாற்றினால் ஓர் இடத்தின் இயல்பு நிற்கும் என்று இத்துறை சொல்லித்தருகிறது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னாலிருக்கும் மனைகளை ஒன்றாக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஒப்பனைதான் என்பது என் கருத்து.

கேள்வி: தேக்கா வட்டாரத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு, பஃபலோ ரோடு, மருத்துவமனை என எல்லாம் அருகருகே இருக்கின்றன. இது தற்செயலாக அமைந்ததா?
– வாசகர், பொத்தோங் பாசிர்

பதில்: தற்செயல் இல்லை. பிரிட்டிஷ் குடியேற்றத்தை இங்கே நிறுவிய ராஃபிள்ஸின் கட்டளைப்படி லெப்டினன்ட் ஜாக்சன் 1822இல் வரைந்த திட்டத்தில், நேர்கோட்டுத் தெருக்கள் சிங்கப்பூர் ஆற்றின் இருபுறமும் அமைந்தன; நம்மவர்களுக்கென ஒதுக்கப்பட்ட சூலியா கம்பம் என்ற குடியிருப்பும் ஆற்றை ஒட்டியே இருந்தது. தேக்கா அமைந்துள்ள சிராங்கூன் சாலை வட்டாரம் அன்று நகருக்கு வெளியே இருந்தது.

நகரம் ஒரே சீராக விரிவதில்லை. சில காலம் பாய்ந்து பரவும், சில காலம் நின்றுவிடும். அப்படி நிற்கும்போது, நிறைய இடம் தேவைப்படுபவையும் ஊருக்குள் யாரும் விரும்பாதவையும் அதன் விளிம்பில் வந்து அமர்ந்துகொள்கின்றன. இதைக் கான்சன் 'விளிம்பு வளையம்' என்ற கருத்தாக விளக்கினார். 1840களில் குதிரைப் பந்தயத் திடல் இங்கே அமைந்தது. செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்ததால் தமிழர்கள் இந்த வட்டாரத்தைச் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே அழைத்தார்கள். தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வணிகம் செழித்தது. இவ்வட்டாரத்துக்கு வழங்கிய கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரே எருமைத் தொழுவத்தைக் குறிப்பதுதான். தான் டோக் செங் மருத்துவமனையும் 1860களின் தொடக்கத்தில் சிராங்கூன் சாலைக்கு வந்தது.

பிறகு நகரம் மறுபடியும் பாய்ந்து இவற்றைச் சூழ்ந்துகொண்டது. அந்த மருத்துவமனை 1909இல் மௌல்மெய்ன் சாலைக்கும், பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் இடம் மாறின. மாட்டு வணிகமும் வெளியேறியது. ஆனால் பெரிய மனை அவ்வளவு எளிதில் துண்டாவதில்லை. சுற்றிலும் கடைவீடுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவே ஃபேரர் பார்க்கில் அவ்வளவு பெரிய திடல் நெடுங்காலம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

கேள்வி: லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் முன்னால் ஒடுக்கமாகவும் உள்ளே நீளமாகவும் இருப்பது ஏன்? பின்னால் உள்ள சந்து எதற்கு?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் வணிகத்தில் மதிப்பு அதிகம் என்பதால் அதைப் பலரும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு எட்டும் மர உத்தரத்தின் நீளமும் அகலத்தைக் கட்டுப்படுத்தியது. முன்னால் தொடர்ச்சியான, கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்பது 1822ஆம் ஆண்டுக் கட்டளை. அந்த ஐந்தடிப் பாதையைக் கடைக்காரர்கள் சரக்கால் நிரப்ப, அதை அகற்ற நகராட்சி முயன்றபோது 1888இல் கலவரமே மூண்டது. (சிராங்கூன் சாலையில் பூக்கடைகளையும் காய்கறிக் கூடைகளையும் தாண்டி நடப்பவர்கள் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பார்கள்.)

சந்து பின்னால் வந்தது. முதலில் வீடுகள் முதுகோடு முதுகாகக் கட்டப்பட்டிருந்தன. காற்றும் வெளிச்சமும் இல்லாத இந்த நெருக்கம் நோயை வளர்க்கிறது என்று 1907இல் வெளியான மருத்துவர் சிம்சனின் சுகாதார அறிக்கை எச்சரித்தது. அதன்பின் வீடுகளின் பின்பகுதிகளை நறுக்கிச் சந்துகளைத் திறந்தார்கள். டன்லப் ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால், இரும்பாலான சுழல் படிக்கட்டுகள் சுவரை ஒட்டி ஏறுவதைக் காணலாம். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் உரிமையாளர்களுக்கு இடித்துக் கட்டும் ஆர்வம் குறைந்துபோனது. கட்டடங்கள் சிதிலமானாலும் மனைகள் தப்பின. 1989இல் இவ்வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டபோது காப்பாற்றுவதற்கு அவை இருந்தன.

கேள்வி: நாங்கள் வசிக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் மனையும் கிடையாது, பழைய தெருவும் கிடையாது. அங்கே இந்த ஆய்வுக்கு என்ன வேலை?
– வாசகர், குவீன்ஸ்டவுன்

பதில்: வேலை உண்டு, அளவுகோல்தான் மாறும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் தனியார் நிலங்களைப் பெரிய அளவில் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. அதனால் கான்சன் சொன்ன மூன்றில் நடுவில் இருந்த மனை ஏறக்குறைய மறைந்து, அதன் இடத்தில் நகர மையம், பேட்டை, புளோக் தொகுதி என்ற அடுக்கு வந்தது. முகவரியிலேயே இது தெரியும். கடைவீட்டுக் கதவெண் தெருவின் வரிசைப்படி ஓடுகிறது. ஈசூனில் 7இல் தொடங்கும் மூன்றிலக்க புளோக் எண்ணோ ஏழாம் பேட்டையைக் குறிக்கிறது.

உங்கள் வட்டாரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தங்ளின் ஹால்ட் என்ற பெயர் அங்கிருந்த ரயில் நிறுத்தத்திலிருந்து வந்தது. 1960களில் எழுந்த பத்து மாடி புளோக்குகள் 2014இல் மறுமேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ரயில் ஓட்டமும் 2011இல் நின்று, தண்டவாளங்கள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் அந்தத் தடத்தை யாரும் துண்டு போடவில்லை. பசுமைப் பாதையாக, மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் அது அப்படியே விடப்பட்டிருக்கிறது.