கையில் இல்லாத அபாயாவை விற்கலாமா?

கேள்வி: துபாய் மொத்தக் கடையின் அபாயா (முஸ்லிம் பெண்கள் அணியும் நீள அங்கி) படங்களை என் டெலிகிராம் குழுவில் போடுவேன். வாடிக்கையாளர் 45 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பியதும் அங்கே 30 வெள்ளிக்கு ஆர்டர் கொடுப்பேன். பார்சல் நேராக அவர் வீட்டுக்கே போய்விடும். இந்த லாபம் ஹலாலா?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: தங்கச்சி, 15 வெள்ளி லாபத்தில் தப்பில்லை. சரக்கு உங்களுடையதாகும் முன்பே விற்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. நபித்தோழர் ஹகீம் இப்னு ஹிஸாமும் வியாபாரிதான். அவர் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்வி. “உம்மிடம் இல்லாததை விற்காதீர்” என்றார்கள் நபி (ஸல்).

அரபு ஸ்திரீட்டில் துணி வெட்டியவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது, பார்சல் தொலைந்தால் நட்டம் யாருக்கு? அதற்குப் பதில் சொல்லாமல் லாபம் மட்டும் எடுக்க முடியாது.

ஸலம் முறையில், அதாவது பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு சரக்கைப் பிறகு தரும் ஒப்பந்தமாக, விற்கலாம். துணி, அளவு, நிறம், தரும் தேதி எல்லாம் பேசி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்க வேண்டும். பேநவ்வில் (கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம்) பாதி, மீதி அப்புறம் என்பது ஆகாது. ஒப்படைக்கும்வரை பொறுப்பு உங்களுடையது.

எனக்குப் பிடித்தது முகவர் வழி: “வாங்கித் தருகிறேன், விலை 30, என் கூலி 15” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பிறகு துபாய்க்காரர் தள்ளுபடி தந்தால் அது வாடிக்கையாளருக்கே சேரும்.