மூக்கடைப்புக்கு மாத்திரை, அடைபட்டது சிறுநீர்

கேள்வி: எனக்கு 61 வயது. காங்கேயம் பக்கம் அரிசி ஆலையில் வேலை. ஆடிக்காற்று ஆரம்பித்ததிலிருந்து மூக்கடைப்பு, தலைவலி. மெடிக்கலில் கொடுத்த சளி மாத்திரை மூன்று வேளை, தலைவலிக்குப் பாரசிட்டமால் 650 மூன்று வேளை, முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக் கலந்த மாத்திரை இரண்டு வேளை போடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டான்-ஹெச் தினமும் உண்டு. சளி மாத்திரையும் பாரசிட்டமாலும் சேர்ந்தால் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிடும் என்று போனில் வீடியோ வந்தது. போன வருடம் என் மச்சான் தூக்கத்தில்தான் போனார். ராத்திரி கண்ணை மூடவே பயமாக இருக்கிறது. சளி மஞ்சளாக வருகிறது, வாய் வறண்டு போகிறது. இரண்டு நாளாக ஒண்ணுக்கு வேறு சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. சூடு என்று இளநீர் குடித்து வருகிறேன்.
– பெயர் வேண்டாம்

பதில்: ஐயா, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதற்குச் சூடு காரணமில்லை. அந்தச் சளி மாத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை இப்போதே நிறுத்துங்கள்.

இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால், மூக்கு ஒழுகுவதற்குக் குளோர்பெனிரமின், அடைப்புக்குப் பினைலெப்ரின். அறுபது தாண்டிய ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி ஓரளவு பெருத்து, சிறுநீர் வரும் வழி ஏற்கெனவே குறுகியிருக்கும். பினைலெப்ரின் மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கத் தரப்படுவது. அது சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையையும் இறுக்கிவிடுகிறது. குளோர்பெனிரமினோ, பை சுருங்கி நீரைத் தள்ளும் பலத்தைக் குறைக்கிறது. உங்கள் வாய் வறள்வதும் இதே குளோர்பெனிரமினின் வேலைதான்.

வழி இறுகியிருக்கும்போது இளநீர் மேல் இளநீராகக் குடித்தால் பை இன்னும் நிரம்பும், அவ்வளவுதான். சொட்டாவது போகிறதே என்று சமாதானப்பட வேண்டாம். பை நிரம்பி வழியும்போதும் சொட்டுத்தான் போகும். முட்டிக்கொண்டு வந்தும் போக முடியவில்லை, தொப்புளுக்குக் கீழே மேடாக இறுகி வலிக்கிறது என்றால் அது அவசரம். நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். டியூப் போட்டால் சில நிமிடங்களில் வலி அடங்கிவிடும். அப்படியே விட்டால் நீர் பின்னோக்கித் தேங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு நாளாகிவிட்டது. முழுதாக அடைக்கட்டும் என்று பார்த்திருக்காமல் இன்றே காங்கேயம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பையில் எவ்வளவு நீர் தங்குகிறது என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்லி விளக்குவதைவிட அது எங்களுக்கு ரொம்ப உதவி.

சரி, இதயத்துக்கு வருவோம். மச்சானைப் பறிகொடுத்த வீட்டில் இப்படி ஒரு வீடியோ வந்தால் தூக்கம் வராதுதான். ஆனால் பாரசிட்டமாலும் சளி மாத்திரையும் சேர்ந்ததால் உறக்கத்தில் இதயம் நிற்காது. யாரோ ஒருவர் பார்வைகளுக்காக எடுத்த அந்த வீடியோ, உண்மையில் கவனிக்க வேண்டிய மாத்திரையை விட்டுவிட்டது. அது உங்கள் முழங்கால் மாத்திரை. டைக்ளோபினாக்கைத் தொடர்ந்து போட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பிரஷர் மாத்திரையின் பலன் குறையும், மாரடைப்பு அபாயமும் கூடும். டெல்மிசார்டானோடும், 'ஹெச்' என்று சேர்ந்திருக்கும் நீர் போக்கும் மருந்தோடும் டைக்ளோபினாக் சேரும்போது மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை நெருக்குகின்றன. அதையும் நிறுத்துங்கள். முழங்காலில் தடவும் ஜெல்லும் வெந்நீர் ஒத்தடமும் போதும். பயத்தில் பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அதை மருத்துவர் முடிவு செய்வார். நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால், எந்த மாத்திரை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

பாரசிட்டமால் கணக்கையும் பாருங்கள். சளி மாத்திரையில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் இருக்கும், மூன்று வேளைக்கு 1500. தலைவலிக்குப் போட்டது 1950. டைக்ளோபினாக்கோடு சேர்த்து 325 மில்லிகிராம் பாரசிட்டமால் வைத்து விற்பதுதான் நம் ஊரில் வழக்கம், இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4100. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4000. மெலிந்தவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவு. ஒரு நாள் நூறு கூடியதால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் நாள் கணக்கில் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. மூன்று அட்டையிலும் மேலே வேறு வேறு பெயர், உள்ளே ஒரே மருந்து. வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து, பொடி எழுத்தில் பாரசிட்டமால் என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு அட்டையில் மட்டும் அது இருக்கட்டும்.

இத்தனை பாடுபடுத்திய பினைலெப்ரின் மூக்கையாவது திறந்ததா? 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, மாத்திரையாக விழுங்கும் பினைலெப்ரின் மூக்கடைப்பை நீக்குவதற்கு ஆதாரம் இல்லை என்று ஒருமனதாகச் சொன்னது. நம் ஊரில் அது இன்னும் பல சளி மாத்திரைகளில் இருக்கிறது. கடைக்காரரிடம் 'சளிக்கு ஏதாவது குடுங்க' என்று மட்டும் கேட்டால் அதுதான் கையில் வரும். பிரஷர் இருக்கிறது, சிறுநீர் கழிக்கச் சிரமம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் சளிக்குப் பயம் வேண்டாம், நிறத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்கவும் வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காங்கேயம் வரைக்கும் புழுதியைக் கிளப்புகிற மாதம் இது. ஆலைக்குள் உமியும் தவிட்டுத் தூசும் வேறு. மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். கொதித்து ஆறிய நீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, காலையிலும் வேலை முடிந்து வந்ததும் மூக்கைக் கழுவுங்கள். கடையில் கிடைக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேகமாகத் திறந்துவிடும். ஆனால் சில நாளுக்கு மேல் போட்டால் நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பிரஷர், புராஸ்டேட் இரண்டும் உள்ளவர் அதைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வருடாவருடம் ஆடியில் இதே தொல்லை என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே உண்டு. சிறுநீர்ப் பிரச்சினை சரியான பிறகு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.